ஓர் எண்ணுக்குப் பதினோரு பெயர்

எனக்குத் தெரிந்து அவருக்குப் பதினோரு பெயர்கள் இருந்தன. அத்தனையும் அவரே தனக்கு வைத்துக்கொண்டவை. சலவைக் கடையில் இசக்கிமுத்து. மருந்துக் கடையில் பேச்சிமுத்து. ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கடையில் சுடலைமுத்து. சூப்பர் மார்க்கெட்டில் குலுக்கல் சீட்டு எழுதிப் போடும்போது மாடசாமி. முடிவெட்டும் கடைக்கு என்று தனியாக ஒன்று இருந்தது, இப்போது மறந்துவிட்டது. ஷார்ஜாவில் ரோலாப் பக்கம் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை விட்டு இறங்கி, கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மனிதர் நாலைந்து ஆளாக மாறிவிடுவார். செல்போன் எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டின் கடைசி வருஷங்கள் அவை. நான் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். துபாய் வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் தங்கி, ஆயுளில் பாதியைச் சாலை நெரிசலில் கழித்தவர்களில் நானும் ஒருவன். அறையில் மூன்று பேர். அவர் சங்கரன்கோவில் பக்கத்து ஆள், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மூன்றாமவன் செல்வராஜ், பட்டுக்கோட்டைக்காரன், ஏ.சி. டெக்னீஷியன், என் வயது. நாங்கள் இருவரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில்தான் இருந்தது, ஆனால் அந்தக் காகிதம் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம். ஊர்க் கடிதங்கள் வருவது கம்பெனியின் தபால் பெட்டிக்கு. ஆகவே மூன்று வருஷம் ஒரே அறையில் தூங்கி எழுந்தும் அவருடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார். "அண்ணாச்சின்னா திரும்பிப் பாக்கேன்லா, பொறவு என்ன?" என்பார்.

இத்தனை பெயர் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அமீரகத்தில் கையில் ஒரு போன் வைத்திருந்தால் போதும், நாளுக்கு மூன்று முறையாவது யாராவது கூப்பிட்டு எதையாவது விற்பார்கள். கிரெடிட் கார்டு வேண்டுமா, லோன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்றா, சம்பளம் எவ்வளவு சார். நானும் செல்வராஜும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவோம். அண்ணாச்சி வைக்க மாட்டார். எதிராளி எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று காது கொடுத்துக் கேட்பார். 'மிஸ்டர் பேச்சிமுத்து' என்றால் எண்ணை விற்றது மருந்துக் கடை. 'மிஸ்டர் மாடசாமி' என்றால் குலுக்கல் சீட்டு. தலையணைக்கு அடியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. எந்த இடத்தில் எந்தப் பெயர், எந்தத் தேதியில் எந்தப் பெயருக்கு அழைப்பு வந்தது என்று அதில் குறித்து வைப்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள்.

போனை எடுக்கும் விதமே தனி. பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பார். கூப்பிட்டவன்தான் முதலில் பேச வேண்டும். பெண்டாட்டி கூப்பிட்டாலும் இதே கதைதான். அந்த அம்மாள் ஊரிலிருந்து "நான்தான்" என்பது எங்களுக்கே கேட்கும். இவர், "எந்த நான்?" என்பார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மாதிரியாகச் சிரிப்பார். அன்றைக்கு எங்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

ஒரு தடவை இசக்கிமுத்துவைக் கேட்டு அழைப்பு வந்தது. அண்ணாச்சி ரொம்பவும் பணிவாக ஆமாம் சார், ஆமாம் சார் என்று பேசிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சலவைக் கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் மலையாளி, நல்ல மனிதர். துணி வாங்கும் நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்தபடியே கிடந்தது. பெயர், எண், எத்தனை சட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. கார்டு விற்கிற பையன்கள் டை கட்டிக்கொண்டு சட்டை தேய்க்க வரும்போது சும்மா புரட்டுவார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டார். அண்ணாச்சி சண்டை போடவில்லை. நோட்டை உள்ளே வைக்கச் சொன்னார், தன் பாக்கித் துணியை வாங்கிக்கொண்டார், போகிற வழியில் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினார். அதற்கப்புறம் அந்தக் கடைப் படி ஏறவில்லை. கடைக்காரர் தெருவில் பார்த்து வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்வார். அவ்வளவுதான்.

அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "தானா வாறது எதுவும் சும்மா வாறதில்ல." அழைப்புக்கு மட்டுமில்லை, பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

நாங்கள் அவரைக் கேலி செய்தோம். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செல்வராஜைக் காப்பாற்றியது. அவனுக்கு இந்தியில் ஒரு அழைப்பு. இரண்டு லட்சம் திர்ஹாம் பரிசு விழுந்திருக்கிறதாம். பதிவுக்காக நாலு ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டி, எண்களைப் போனில் படித்துக் காட்டினால் போதுமாம். இவன் பக்காலாவுக்கு, அதுதான் கீழே இருக்கும் மளிகைக் கடைக்கு, கைலியோடு ஓடி நாலு கார்டு வாங்கி வந்துவிட்டான். கட்டிலில் உட்கார்ந்து காசால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அண்ணாச்சி எழுந்து வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கினார். பரிசு எந்தப் பெயருக்கு விழுந்திருக்கிறது என்று இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதிர்முனை வைத்துவிட்டது. செல்வராஜ் சுரண்டாத மூன்று கார்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் அவனுக்கு அண்ணாச்சி சொன்னதுதான் வேதம்.

இந்த வித்தையை அவர் கற்றது ஷார்ஜாவில் இல்லை. அதற்கு முன்னால் சவூதியில், ஜுபைலில் ஒரு காண்டிராக்ட் கேம்பில் ஸ்டோர் பார்த்தார். வேலையாட்களுக்குக் கொடுக்கிற தோல் கையுறை, கொடுக்கக் கொடுக்கக் காணாமல் போனது. யாரோ வெளியே விற்கிறார்கள். இவர் உட்கார்ந்து ஒவ்வொரு குழுவின் கையுறைக்குள்ளும் மணிக்கட்டு ஓரத்தில் ஒவ்வொரு நிற நூலால் ஒரு முடிச்சுப் போட்டார். சந்தையில் ஒரு கடையில் தேடிப் பார்த்தபோது பச்சை முடிச்சு அகப்பட்டது. பச்சை, இவரோடு தினமும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபோர்மேனுடைய குழு.

புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுக்கவில்லை. அடுத்த தடவை அந்த ஃபோர்மேன் கையுறை வாங்க வந்தபோது முடிச்சே இல்லாததாகப் பார்த்து எடுத்து, உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிட்டுக் கொடுத்தாராம்.

"யாருன்னு தெரிஞ்ச பொறவு குறி எதுக்கு தம்பி?" என்றார். மூன்று மாதத்தில் அந்த ஃபோர்மேன் தானாகவே கேட்டு வேறு கேம்புக்குப் போய்விட்டாராம்.

இதை அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாவதானமாகச் சொன்னார். எனக்கு என்னவோ போலிருந்தது. ஒரு ஆளைத் திட்டாமல், அடிக்காமல், காட்டிக்கொடுக்காமல் இப்படியும் செய்ய முடியுமா என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவரிடம் எனக்குப் பிரியத்தோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது.

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அறைக்கு வந்த முதல் நாளே என் போனை வாங்கி, தன் எண்ணைத் தானே ஆங்கில எழுத்தில் பதிந்து கொடுத்தார். பார்த்தால் சங்கரபாண்டி என்று இருந்தது. அதுதான் அவர் பெயர் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் செல்வராஜ் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. திரையில் வேலாயுதம் என்று வந்தது. யாரோ ஊர்க்காரர் என்று எடுத்தேன். அண்ணாச்சி. கீழே பக்காலாவில் நிற்கிறாராம், தயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். செல்வராஜ் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் இருவரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தோம். ஒருவர் போனில் இருக்கும் பெயர் இன்னொருவருக்குத் தெரியும் என்று அவர் காதுக்குப் போகவே கூடாது, மனிதர் துடித்துப் போவார் என்று பேசி வைத்துக்கொண்டோம். அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்த வருஷ வாக்கில்தான் சட்டம் பற்றிய பேச்சு வந்தது. ஊரில் முன்னமே அப்படி ஒன்று வந்திருந்தது. என்னைக் கூப்பிடாதே என்று எண்ணைப் பதிந்து வைத்துவிட்டால், விற்கிறவர்கள் கூப்பிடக் கூடாது. லீவில் போயிருந்தபோது மைத்துனர் ஒருவர் அண்ணாச்சியின் ஊர் எண்ணைப் பதிந்து வைக்கிறேன் என்று புறப்பட, இவர் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "கூப்பிடாதன்னு சொல்லுததுக்கும் முதல்ல என் நம்பரத்தான கேக்கான்? அந்த லிஸ்ட்ட எவன் வச்சிருக்கான்?" என்பது அவர் கட்சி. அப்புறம் அமீரகத்திலும் வேண்டாத அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் கட்டுப்பாடு வருகிறது என்று ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. செல்வராஜ்தான் சைட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். அண்ணாச்சி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பவில்லை என்றார். ஆனால் மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு நீல நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

அதன் பிறகு அழைப்பவர்களிடம் அவர் ஒரு புதுப் பாட்டுப் பாட ஆரம்பித்தார். சட்டம் வந்துவிட்டது, என் எண்ணை யார் கொடுத்தது என்று நீ சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புகார். உண்மையில் சட்டம் எந்த நிலையில் இருந்தது, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. பெரும்பாலும் எதிர்முனை வைத்துவிடும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். நாளைக்குச் சாட்சி வேண்டுமல்லவா என்பார்.

இப்படியிருக்கும்போது துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றன. கிரேன்கள் அசையாமல் நின்ற காலம் அது. செல்வராஜின் கம்பெனியில் ஆட்களைக் கழித்துக்கொண்டு வந்து, ஒருநாள் அவனுக்கும் காகிதம் கொடுத்தார்கள். விசா ரத்தாக ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும். இரண்டாவது பெண் பிறந்து நாலு மாதம். அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். அண்ணாச்சிதான் தன் கிடங்கில் பேசினார். குளிர்பதன மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன் தேவைப்பட்டது. உன் பொறுப்பில் வருகிற ஆள் என்றால் அழைத்து வா என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். யாருக்காகவும் பொறுப்பு ஏற்காத மனிதர், இவனுக்காக ஏற்றுக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவதாக இருந்தது. செல்வராஜ் சட்டையை அந்த இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து மாட்டி வைத்தான்.

இனி என் கதை. அதே வாரம், என் ஆபீசுக்கு ஒரு கார்டு ஏஜென்ட் வந்தான். மெட்ராஸ் பையன், டை கட்டியிருந்தான், தமிழில் 'சார் சார்' என்று உருகினான். கார்டு எனக்குத் தேவையில்லை. ஆனால் கார்டு எடுத்து, கூடவே ஐந்து நண்பர்களின் பெயரும் எண்ணும் கொடுத்தால் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று இலவசம். அடுத்த மாதம் லீவில் போக இருந்தேன். பழைய பெட்டியின் பிடி உடைந்திருந்தது. ஆபீசில் நாலு பேரைக் கொடுத்தேன். ஐந்தாவதுக்கு ஆளில்லை. போனைத் தள்ளிக்கொண்டே வந்தேன், சங்கரபாண்டி வந்தது. எண்ணைப் படித்தேன்.

"நேம் சார்?" என்றான் பையன்.

என் வாயில் வந்தது வேலாயுதம்.

அது எப்படி வந்தது என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சங்கரபாண்டி என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும், அதனால் வேறு ஏதோ ஒரு பெயர் சொல்ல நினைத்தேன், நாக்குக்கு அருகில் இருந்தது அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. உலகத்தில் ஆயிரம் பெயர் இருக்கிறது. குப்புசாமி என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி எல்லோரையும் சந்தேகப்பட்டார். நான் அந்த ஒரு நொடியை மட்டும் சந்தேகப்படுகிறேன்.

பெட்டியோடு அறைக்கு வந்தேன். கருநீல நிறம், நல்ல பெட்டி. எங்கே வாங்கியது என்று அண்ணாச்சி கேட்டார். ஆபீசில் கொடுத்தார்கள் என்றேன். பொய்யில்லை. அவர் சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது, கிடங்கில் இருக்கும்போது. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் தரையில் பேப்பர் விரித்து மீன்குழம்புச் சோறு சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் நீல நோட்டை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. நேற்று பேங்கிலிருந்து வேலாயுதத்தைக் கேட்டார்கள் என்றார்.

"அந்தப் பேரு ஒரே ஒரு போன்லதான் இருக்கு, செல்வம். வேற எங்கயும் நான் குடுக்கல."

செல்வராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். "நான் யார்ட்டயும் குடுக்கலண்ணாச்சி. என் புள்ளைங்க மேல சத்தியமா குடுக்கல" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

அந்தப் பெயர் எனக்கும் தெரியும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொண்டதை மீறக் கூடாது என்று நினைத்தானா, நானே சொல்வேன் என்று காத்திருந்தானா, தெரியாது. அவனுடைய பார்வை என் மேல் இருந்தது, குற்றம் சொல்லும் பார்வைகூட இல்லை. நான் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். "நீயாச்சும் சொல்லேன்டா" என்றான் என்னிடம். எனக்கு என்ன தெரியும் என்றேன்.

அண்ணாச்சி நோட்டை மூடினார். மீன்துண்டு ஒன்றை எடுத்து, எப்போதும் போல, செல்வராஜின் தட்டில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வேலைக்குப் போனார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு செல்வராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வேறு சட்டையில் வேலை தேடப் புறப்பட்டான்.

மூன்று வாரம் அலைந்தான். அஜ்மான் வரை போய்ப் பார்த்தான். எங்கேயும் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார்களே தவிர யாரையும் எடுக்கவில்லை. அந்த மூன்று வாரமும் தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைப்பேன். கதவைத் திறந்து அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று ஆகிவிடும். ஃபோர்மேனின் கையுறை நினைவுக்கு வரும். செல்வராஜ் ஊருக்குப் போகிற அன்றைக்கு அவனுடைய பெட்டி கிழிந்திருந்தது. அந்தக் கருநீலப் பெட்டியை அவனிடம் கொடுத்தேன். வேண்டாம்டா, உனக்கு லீவுக்கு வேணும்ல என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் நல்ல மனசை நினைத்து அவன் அழுதான் என்றால் என்னை என்னவென்று சொல்வது.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு மாலை, வேலையிலிருந்து வந்து நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. ஈரக் கையோடு பச்சைப் பொத்தானையும் ஸ்பீக்கரையும் அமுக்கினார். வழக்கம்போல் பேசவில்லை. ஒரு பெண் குரல், வேலைக்குப் புதிது போலிருந்தது, ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டது: மிஸ்டர் வேலாயுதமா?

அண்ணாச்சி தன் பாட்டைப் பாடினார். சட்டம், புகார், யார் கொடுத்தது. நான் எழுந்து வெளியே போயிருக்கலாம். பூண்டை உரித்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் எல்லாம் இந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். இந்தப் பெண் பயந்துவிட்டாள். ஒரு நிமிஷம் சார் என்றாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. உங்கள் நண்பர்தான் சார் ரெஃபரன்ஸ் கொடுத்திருக்கிறார் என்று என் பெயரையும், என் தகப்பனார் பெயரையும், கம்பெனி பெயரையும் தெளிவாகப் படித்தாள்.

அண்ணாச்சி அவளுக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அரிசியைக் களைந்து முடித்து அடுப்பில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்துத் தேதி போட்டு ஒரு வரி எழுதினார். பிறகு பட்டுக்கோட்டைக்குப் போன் போட்டார், அதையும் ஸ்பீக்கரில்.

"செல்வம், அண்ணாச்சி பேசுதேன். நீ குடுக்கலடே. தப்பு என் பேர்ல."

யார் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பரவால்லண்ணாச்சி, தெரிஞ்சிச்சுல்ல, போதும் என்றான் செல்வராஜ். கிடங்கு வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, இனி எங்கே காலியானாலும் உனக்குத்தான் முதலில் சொல்வேன் என்றார். சொன்னபடியே ஒரு வருஷம் கழித்து ஓமானில், சலாலாவில் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் அவன் கொஞ்சம் நிலத்தை விற்றிருந்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன். கையை நீட்டினார். என்ன வேண்டுமென்று எனக்குத் தெரிந்தது. என் போனை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்கரபாண்டியைத் தேடி எடுத்து, அழித்தார். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அமுக்கி வேறொன்றைப் பதிந்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதுவரை நான் கேட்டிராத பெயர். முன்னால் தகப்பனாரின் முதலெழுத்தும் சேர்ந்து முழுசாக இருந்தது.

"இதுதான் என் பேரு. யாரு கேட்டாலும் குடு, தம்பி" என்றார்.

அன்றைக்கும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ஊறுகாய் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். அதற்கப்புறம் ஒருநாளும் அவர் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. நோட்டைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் மேஜை மேலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போவார். பெட்டியைப் பூட்டுவதில்லை. வாடகை ஒப்பந்தம் திறந்த பெட்டியில் மேலாகவே கிடந்தது, அதே பெயரோடு. ஜுபைல் ஃபோர்மேன் மூன்று மாதம் தாங்கினார். என்னால் ஐந்து வாரத்துக்கு மேல் முடியவில்லை. அல் நஹ்தாவில் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில், பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். போன்கள் எத்தனையோ மாறிவிட்டன. ஒவ்வொரு புதுப் போனிலும் அந்த எண்ணையும் பெயரையும் சேர்த்தே ஏற்றிக்கொள்கிறேன். ரெஃபரன்ஸ் கேட்டு எவ்வளவோ பேர் வந்திருக்கிறார்கள், பெட்டியும் குடையும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை யாருக்கும் கொடுத்ததில்லை. உங்களுக்கும் கொடுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள்.